எழவு வீட்டுல கையெழுத்து கேட்டா என்னங்க பண்றது? வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தானுங்க. வீட்டுல ஒருத்தர் தவறிட்டாங்க, அதுக்கப்புறம் பேப்பர் வேலையை எங்க ஆரம்பிக்கறது, யாரைப் போய்ப் பாக்கறது, கோர்ட்டுக்குப் போகோணுமா வேண்டாமா. அதனால இந்தத் தடவை வேற கேள்வி எதுவும் எடுக்கலை, இது மட்டுந்தான். கேட்டவங்க பேரு போடலை, ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: அப்பா தவறி நாலு மாசம் ஆச்சுங்க. கீழ்பவானி வாய்க்கா பாசனத்துல மூணு ஏக்கரா, மெட்ராஸ்ல ஒரு பிளாட்டு, ரெண்டையும் எம்பேருக்கு உயில் எழுதி வெச்சிருக்காரு. ரிஜிஸ்டர் பண்ணலை, வெள்ளைத் தாள்ல கையால எழுதுனது, சாட்சி ரெண்டு பேரு கையெழுத்து இருக்குது. புரொபேட் வாங்காம இந்த உயில் செல்லாதுன்னு ஒருத்தர் சொல்றாரு, அதெல்லாம் வேண்டியதில்லைன்னு இன்னொருத்தர் சொல்றாரு. அக்காவுக்கு அப்பா இருக்கறப்பவே செஞ்சாச்சு, அக்காவும் ஆட்சேபணை இல்லைங்கறாங்க. எதை நம்பறதுங்க?
வாசகர், கோபி

பதில்: முதல்ல உயிலைப் பத்தி. வெள்ளைத் தாள்ல எழுதுனாலும் உயில் உயில்தானுங்க. ஸ்டாம்ப் பேப்பர் வேண்டியதில்லை, ரிஜிஸ்டர் பண்ணியே ஆகோணும்னும் சட்டத்துல இல்லை. உங்கப்பா சுயநினைவோட கையெழுத்து போட்டிருக்கோணும், அதை ரெண்டு சாட்சி பாத்திருக்கோணும், இல்லாட்டி இது எங் கையெழுத்துதான்னு அவரு அவங்ககிட்டச் சொல்லியிருக்கோணும், அவங்க ரெண்டு பேரும் அவரு முன்னாடியே கையெழுத்து போட்டிருக்கோணும். இவ்வளவுதான் 1925-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் கேக்கறது.

அடுத்து புரொபேட். இது இவரு எழுதுன கடைசி உயில்தான், நெஜமான உயில்தான்னு கோர்ட்டு முத்திரை போட்டுக் குடுக்கறதுக்குப் பேருதான் புரொபேட். சொத்து அவரோடதுதானா, எல்லை சரியாங்கறதெல்லாம் அந்தக் கோர்ட்டு பாக்காது, உயில் உண்மையாங்கறது மட்டுந்தான். நம்ம பக்கம் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் இங்கெல்லாம் எழுதுன உயிலுக்கு, இங்க இருக்கற காடு தோட்டத்துக்கு, புரொபேட் எப்பவுமே கட்டாயமா இருந்ததில்லை. பழைய மெட்ராஸ் சிட்டி எல்லைக்குள்ள எழுதுன உயில், இல்லாட்டி அந்த எல்லைக்குள்ள இருக்கற வீடு நிலத்தைப் பத்துன உயில், அதுக்கு மட்டும் இந்துக்களுக்குக் கட்டாயம்னு அதே சட்டத்துல 213-ஆம் பிரிவு இருந்துச்சு. 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட்டுல பாஸான திருத்தச் சட்டத்துல அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க. ஆகமொத்தம் இன்னைக்கு ரெண்டாவது ஆளு சொன்னதுதான் சரிங்க, முதல் ஆளு பழைய மெட்ராஸ் ரூலை இங்க கொண்டாந்து போட்டுட்டாரு. அந்த பிளாட் விஷயத்துல யாராச்சும் பழைய பழக்கத்துல இன்னமும் புரொபேட் கேக்கலாம், அப்ப இந்தத் திருத்தத்தைக் காட்டி எழுத்துல பதில் கேளுங்க.

சரி, கட்டாயம் இல்லைன்னா யாருதான் புரொபேட்டுக்குப் போறாங்கன்னா, வாரிசுகளுக்குள்ள ஒருத்தர் இந்த உயில் பொய்யின்னு சொன்னா, இல்லாட்டி நாளைக்குச் சொல்வாங்கன்னு பயம் இருந்தா, அவங்க போறதுல அர்த்தம் இருக்குது. மாவட்டக் கோர்ட்டுல மனு போடோணும், ஒரிஜினல் உயில், இறப்புச் சான்று, வாரிசுங்க பேரு, சொத்து விவரம் மதிப்பு, சாட்சி ஒருத்தரோட உறுதிமொழி எல்லாம் சேத்துக் குடுக்கோணும், எல்லா வாரிசுக்கும் நோட்டீஸ் போகும், பேப்பர்ல விளம்பரம் வரும். யாரும் எதுக்கலைன்னா மாசக் கணக்குல முடியும். ஒருத்தர் எதுத்தாக்கூட அது சாதாரண சிவில் வழக்கு மாதிரி மாறிடும், அப்புறம் வருஷக் கணக்கு. உயில்ல இன்னார்தான் இதை நிறைவேத்தோணும்னு பேரு எழுதியிருந்தா அவருதான் புரொபேட் கேக்க முடியும், பேரு எழுதலைன்னா சொத்து வாங்கறவரு கேக்கலாம், அதுக்கு நிர்வாகப் பத்திரம்னு பேரு, வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

உங்களுக்கு அது வேண்டியதில்லைன்னுதான் எனக்குப் படுது. வாரிசுச் சான்று வாங்குங்க. உயிலையும் அதையும் வெச்சு பட்டா மாறுதலுக்குப் போடுங்க. தாசில்தார் விசாரணையில உங்க அக்கா நேர்ல வந்து உயிலை ஒத்துக்கறேன்னு எழுதிக் குடுக்கட்டும். அக்கா மனசு மாறிடும்னு சொல்லலைங்க, அக்காவுக்கும் பசங்க இருப்பாங்க, இருவது வருஷம் கழிச்சு எங்கம்மாவுக்கு ஏன் ஒண்ணும் இல்லைன்னு அவங்க கேக்கறப்ப பதில் சொல்ல அக்கா இருக்க மாட்டாங்க, காகிதந்தான் இருக்கும். உங்கம்மாவைப் பத்தி லெட்டர்ல ஒரு வார்த்தையும் இல்லை. அவங்க இருந்தா அவங்களும் வந்து சொல்லோணும். இன்னொரு வழியும் இருக்குது, உயில் எழுதுனவரு தவறுனதுக்கு அப்புறமும் அந்த உயிலை சார்பதிவாளர் ஆபீஸ்ல கொண்டுபோய் ரிஜிஸ்டருக்குக் குடுக்கலாம், அவரு சாட்சிகளை விசாரிச்சுப் பாத்துட்டுப் பதிவு பண்ணுவாரு.

ஒண்ணு மட்டும் இன்னைக்கே செய்யுங்க. அந்த ரெண்டு சாட்சியில ஒருத்தராச்சும் நல்லா இருக்காங்களான்னு போய்ப் பாருங்க. உயிலை நிரூபிக்கோணும்னா சாட்சியில ஒருத்தரைக் கூப்பிட்டு விசாரிச்சே ஆகோணும். நான் நடத்துன ஒரு கேஸ்ல சாட்சி ரெண்டு பேருமே உயில் எழுதுனவரோட சேக்காளிங்க, ஒருத்தர் போய்ச் சேந்துட்டாரு, இன்னொருத்தருக்கு 81 வயசு, கூண்டுல ஏறி நின்னு கையெழுத்து என்னோடதுதாங்கறாரு, யாரு முன்னாடி போட்டீங்கன்னா முழிக்கறாரு. அதுக்கு நாங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் தயவுசெஞ்சு உயிலை லேமினேஷன் பண்ணிடாதீங்க. பத்திரமா இருக்கட்டும்னு நெறையப் பேரு பண்ணிட்டு வந்து நிக்கறாங்க, நாளைக்குக் கையெழுத்தைப் பரிசோதிக்கோணும்னா மை தாளெல்லாம் பிளாஸ்டிக்குக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்கும். ஒரு கவர்ல போட்டு வெச்சாப் போதும், ஓட்டை போட வேண்டாம், மேல எதுவும் எழுத வேண்டாம்.

கேள்வி: எனக்கு 34 வயசுங்க, ரெண்டு பசங்க, பெரியவ ஏழாவது, சின்னவன் மூணாவது. வீட்டுக்காரரு போன மாசம் ஆக்சிடென்ட்ல தவறிட்டாரு, உயில் எதுவும் இல்லை. தறி செட் ஒண்ணு அவரு சம்பாதிச்சு வாங்குனது, அவரு பேர்லயே இருக்குது. மாமனார் வாங்குன காடு இன்னமும் மாமனார் பேர்லதான், மாமனார் 2015-லயே தவறிட்டாரு. மாமியாரும் கொழுந்தனாரும் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கே ஒரு பத்திரத்தைக் கொண்டாந்து, பேங்க் வேலைக்கு வேணும், போடுன்னாங்க. படிச்சுப் பாத்தா, சொத்துல எம்பங்கை விட்டுக் குடுக்கற விடுதலைப் பத்திரம்னு இருந்துச்சு. நான் போடலை. அதுல இருந்து யாரும் எங்கூடப் பேசறதில்லை. நான் செஞ்சது தப்புங்களா?
வாசகி, பல்லடம்

பதில்: தப்பே இல்லை சாமி. அந்த நெலமையிலயும் படிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னு வெச்சீங்களே, அதுதான் உங்க பசங்களைக் காப்பாத்தியிருக்குது.

இப்ப உங்க பங்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுச் சொல்றேன், இதைத் தனித் தாள்ல எழுதி வெச்சுக்கங்க. இந்து ஒருத்தர் உயில் இல்லாமத் தவறுனா அவரோட சம்சாரம், பசங்க, பொண்ணுங்க, அவரைப் பெத்த அம்மா, இத்தனை பேருக்கும் சமபங்கு. அப்பா உசுரோட இருந்தாலும் இந்த முதல் வரிசையில வரமாட்டாரு, அண்ணன் தம்பியும் வரமாட்டாங்க. அதனால தறி செட்டு நாலு பங்கு. உங்களுக்கு ஒண்ணு, பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு, மாமியாருக்கு ஒண்ணு. கொழுந்தனாருக்கு அதுல ஒண்ணுமில்லை. மாமியார் பங்கை நீங்களும் மறுக்கக் கூடாது, வாரிசுச் சான்றுல அவங்க பேரை விட்டுட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரா வந்து நிக்கும்.

காடு வேற கணக்கு. மாமனார் சம்பாதிச்ச காடு, அவருக்கு உங்க வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் மட்டுந்தான் பசங்க, பொண்ணு இல்லைன்னு வெச்சுக்கறேன். 2015-ல அவரு தவறுன அன்னைக்கே மாமியாருக்கு மூணுல ஒண்ணு, உங்க வீட்டுக்காரருக்கு மூணுல ஒண்ணு, கொழுந்தனாருக்கு மூணுல ஒண்ணுன்னு ஆயிருச்சு, பட்டா யாரு பேர்ல இருந்தாலும் சரி. இப்ப உங்க வீட்டுக்காரரோட அந்தப் பங்கு மறுபடி நாலாப் பிரியும். மொத்தக் காட்டை 12 பாகம் போட்டா மாமியாருக்கு 5, கொழுந்தனாருக்கு 4, உங்களுக்கும் ரெண்டு பசங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு ஒண்ணு, ஆக 3. நாத்தனார் யாராச்சும் இருந்தா கணக்கு மாறும், எழுதுங்க, திருப்பிப் போட்டுத் தர்றேன்.

பசங்க பங்கை யாரும் எழுதி வாங்க முடியாது, நீங்களே நெனச்சாலும் எழுதிக் குடுக்க முடியாதுங்க. மைனர் சொத்தை விக்கறதோ விட்டுக் குடுக்கறதோ எதுவானாலும் மாவட்டக் கோர்ட்டுல முன்கூட்டியே அனுமதி வாங்கோணும், 1956-ஆம் வருஷத்து இந்து மைனர், காப்பாளர் சட்டம் அப்படித்தான் சொல்லுது. இதை அவங்ககிட்டச் சொல்லிப் பாருங்க, நெறைய வீட்டுல இந்த ஒரு வார்த்தையிலயே பத்திரம் பைக்குள்ள திரும்பிப் போயிருது. நாளைக்கு வேற கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா சொத்து வேற வீட்டுக்குப் போயிருமேன்னு பேச்சு வந்தா, அதுக்கும் பதில் இருக்குது, அவரு தவறுன அன்னைக்கே உங்க பங்கு உங்க கைக்கு வந்துருச்சு, நீங்க அப்புறம் என்ன முடிவு எடுத்தாலும் அது போகாது.

தறிக்கு லோன் இருந்தா பயப்படாதீங்க. அவரு விட்டுட்டுப் போன சொத்தோட அளவுக்குத்தான் வாரிசுங்க பொறுப்பு, உங்க சொந்தச் சம்பாத்தியத்துல கை வைக்க முடியாது. ஆனா நீங்களும் கூட லோன் வாங்குனவரா கையெழுத்தோ, ஜாமீன் கையெழுத்தோ போட்டிருந்தா அது வேற, அந்த லோன் பேப்பரை எடுத்துப் பாருங்க.

செய்ய வேண்டியது: இறப்புச் சான்று, அப்புறம் இ-சேவை மையத்துல வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம், சர்வீஸ் சார்ஜ் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சு தாசில்தார் குடுப்பாரு. இதுக்கு மாமியார் சம்மதம் வேணும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, வாரிசு யாரு வேணா போடலாம். தாசில்தார் மாட்டேன்னுட்டா ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட, அப்பீல் போங்க. வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு நெனைக்காதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்டக் கோர்ட்டு வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்குது, 15100-க்கு போன் பண்ணாலும் சரி. மாமியாரும் மகனைப் பறிகுடுத்தவங்க, அந்த வலி அவங்களுக்கும் இருக்கும், பேச்சை விட்டுடாதீங்க. கையெழுத்தை மட்டும் விட்டுடாதீங்க.

கேள்வி: அப்பாவோட டெபாசிட்ல நாந்தான் நாமினி. அப்படின்னா பணம் எனக்குத்தானுங்களே? தங்கச்சி பங்கு கேக்கறா.
வாசகர், நாமக்கல்

பதில்: தங்கச்சி கேக்கறது நியாயம். நாமினின்னா பேங்க்ல இருந்து பணத்தை வாங்கறதுக்கு உரிமைப்பட்டவரு, வாங்கி வாரிசுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கறது அவரோட பொறுப்பு. சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்குது, 2023 டிசம்பர்ல ஷேர் சம்பந்தமான ஒரு வழக்குலயும் அதேதான். நாமினி இருந்தா பேங்க்காரங்க உங்ககிட்ட வாரிசுச் சான்று, கோர்ட்டு உத்தரவெல்லாம் கேக்கத் தேவையில்லை, வேலை சீக்கிரம் முடியும், அதுதான் அதுல லாபம். லைஃப் இன்சூரன்ஸ் மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் கொஞ்சம் வேற, அந்தப் பாலிசி இருந்தா தனியாக் காட்டிக் கேளுங்க.

நாமினி போடாத கணக்குக்கும் ஒண்ணு சொல்லிடறேன். முன்னாடியெல்லாம் கொஞ்சம் பெரிய தொகைன்னாலே போய் கோர்ட்டுல வாரிசுரிமைச் சான்று வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிடுவாங்க. தாசில்தார் குடுக்கற வாரிசுச் சான்று வேற, சிவில் கோர்ட்டு குடுக்கற இந்த வாரிசுரிமைச் சான்று வேற, இது பேங்க் பணம், ஷேர், வரவேண்டிய கடன் இதுகளுக்கு மட்டுந்தான், நெலத்துக்கு ஆகாது. 2025 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் புது உத்தரவு போட்டிருக்குது, கூட்டுறவு பேங்க்ல 5 லட்சம், மத்த பேங்க்ல 15 லட்சம் வரைக்கும் தகராறு இல்லைன்னா கோர்ட்டுச் சான்று கேக்காமலேயே குடுக்கோணும், எல்லாப் பேப்பரும் குடுத்த நாள்ல இருந்து 15 நாளைக்குள்ள முடிக்கோணும். மேனேஜர் இழுத்தா இதைச் சொல்லி, விண்ணப்பத்துக்குத் தேதி போட்டு ரசீது வாங்குங்க.

கேள்வி: எனக்கு 1985-ல கல்யாணம் ஆச்சுங்க. அப்பா 1998-ல உயில் எழுதாமத் தவறிட்டாங்க. அப்பாரு (அப்பாவைப் பெத்த தாத்தா) காலத்துக் காடு நாலு ஏக்கரா, அப்பா வாங்குனது ரெண்டு ஏக்கரா. இதுவரைக்கும் பாகம் எதுவும் எழுதலை. இப்ப அண்ணனும் தம்பியும் பிரிக்கறாங்க, உனக்குத்தான் சீரெல்லாம் செஞ்சாச்சே, வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போன்னு சொல்றாங்க. எனக்குச் சண்டை போட இஷ்டமில்லை. ஆனா ஒண்ணுமே இல்லைன்னு சொல்றது நெஜமான்னு தெரிஞ்சுக்கோணும்.
வாசகி, காங்கயம்

பதில்: அக்கா, உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன். தெரிஞ்சுக்கோணும்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் வேணும்.

சீரு வேற, பங்கு வேறங்க. சீரு செஞ்சதுக்காகப் பங்கு போயிரும்னு எந்தச் சட்டத்துலயும் ஒரு வரி இல்லை. உங்கப்பா வாங்குன ரெண்டு ஏக்கராவுல 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த காலத்துல இருந்தே பொண்ணுக்கும் பையனுக்கும் சமபங்குதான், கல்யாணம் ஆனதெல்லாம் அதுல கணக்கே இல்லை. அப்பாரு காலத்துக் காடுதான் குழப்பம். 1989-ல தமிழ்நாட்டுல கொண்டாந்த திருத்தத்துல பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்கும் பிறப்பாலயே உரிமைன்னு சொன்னாங்க, ஆனா 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னுட்டாங்க. உங்களை மாதிரி எத்தனையோ அக்காமாருங்க அதுலதான் வெளிய நின்னுட்டாங்க, இன்னமும் ஊருக்குள்ள பஞ்சாயத்து பேசறவங்க அந்த 1989 கணக்கையேதான் பேசிட்டிருக்காங்க. 2005 செப்டம்பர் 9-ல இருந்து மத்திய சட்டத் திருத்தம் வந்து அந்தக் கல்யாணத் தடையே இல்லாமப் போச்சு. அப்பா அந்தத் தேதியில உசுரோட இருந்திருக்கோணுமாங்கற சந்தேகம் அதுக்கப்புறமும் பதினஞ்சு வருஷம் ஓடுச்சு, 2020 ஆகஸ்ட் 11-ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்த்து வெச்சிருச்சு: உரிமை பொறந்ததால வர்றது, அப்பா முன்னாடியே தவறியிருந்தாலும் உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி ரிஜிஸ்டர் பாகப்பிரிவினையோ கோர்ட்டு டிகிரியோ ஆகியிருந்தா அதைத் தொட முடியாது. நீங்க பாகமே எழுதலைங்கறீங்க. அப்ப ஆறு ஏக்கராவுலயும் உங்களுக்குச் சமபங்கு இருக்குது. அம்மா இருந்தாங்கன்னா அவங்களுக்கும் ஒரு பங்கு இருக்குது.

சும்மா வாய்ல பாகம் பிரிச்சுக்கிட்டோம் அப்பவேன்னு சொன்னா அது லேசுல நிக்காது. ஆனா வில்லங்கச் சான்று போட்டுப் பாத்துடுங்க, பதிவுத்துறை வெப்சைட்லயே பாக்கலாம். உங்களுக்குத் தெரியாம ஏதாச்சும் பத்திரம் ஆகியிருக்குதா, நீங்க மறந்துபோன கையெழுத்து ஏதாச்சும் இருக்குதான்னு தெரிஞ்சிரும். ஆறப்போடவும் வேண்டாம், பங்கே இல்லைன்னு உங்களை ஒதுக்குனது தெரிஞ்ச நாள்ல இருந்து 12 வருஷத்துக்குள்ள வழக்குக்குப் போகோணுங்கற கணக்கு இருக்குது.

இதுல எஞ்சொந்தக் கதை ஒண்ணு சொல்றேன். எங்கப்புச்சி, அம்மாவைப் பெத்த தாத்தா, தவறுன மூணாம் நாளு, ஒறம்பரையெல்லாம் இன்னும் கிளம்பலை, எங்கம்மா அடுப்படியில சாம்பார்ச் சட்டியை எறக்கிட்டு இருந்தாங்க. கையில மஞ்சத்தூளும் புளியும். அந்தக் கையைத் துணியில தொடச்சுட்டு ஒரு தாள்ல கைநாட்டு வெச்சாங்க. என்னன்னு யாரும் படிச்சுக் காட்டலை, அம்மாவும் கேக்கலை, கேட்டா அண்ணமாரு மேல நம்பிக்கை இல்லையான்னு ஆயிரும்னு. நான் லா படிக்கறப்ப அந்தப் பத்திரத்தோட நகலைப் பாத்தேன், ரேகைக்குப் பக்கத்துல லேசா மஞ்சக் கறை. அம்மா விட்டுக் குடுத்தது அவங்க இஷ்டமா இருந்திருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என்ன விட்டுக் குடுத்தாங்கன்னே அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, அதுதான் என்னால இன்னைக்கும் தாங்க முடியலை.

அதனால அக்கா, உங்க பங்கு இவ்வளவுன்னு சர்வே நம்பரோட, ஏக்கராவோட, இன்னைக்கு விலையோட தெரிஞ்சுக்கங்க. அப்புறம் அண்ணங்கிட்டப் போய் உக்காருங்க. முழுப் பங்கும் கேக்கலாம், பாதி கேக்கலாம், பணமா வாங்கிக்கலாம், பொறந்த வீட்டு உறவுதான் முக்கியம்னு மொத்தமா விட்டுக் குடுக்கவும் செய்யலாம். எதுவானாலும் அது உங்க முடிவா இருக்கட்டும்.

கேள்வி: பட்டா எங்க அப்பாரு பேர்லயே இருக்குதுங்க. அவரு தவறி 30 வருஷம் இருக்கும், இறப்பு பதியவே இல்லை. பத்திரத்துல பேருக்குப் பின்னாடி சாதிப்பட்டம் இருக்குது, ரேஷன் கார்டுல இல்லை. அப்பா போன வருஷம் தவறிட்டாரு. எதுல ஆரம்பிக்கறது?
வாசகர், ராசிபுரம்

பதில்: மேல இருந்து கீழ வாங்க. முதல்ல அப்பாரு இறப்பு. 21 நாளைக்குள்ள பதிஞ்சா சும்மா பதிவாயிரும், ஒரு வருஷம் தாண்டிட்டா ஆர்டிஓ ஆபீஸ்ல மனு குடுத்து உத்தரவு வாங்கித்தான் பதியோணும், அதுக்கு பழைய ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட், காரியப் பத்திரிகை, ஊர்ல ரெண்டு பெரியவங்க வாக்குமூலம், எது கெடைக்குதோ எல்லாம் கொண்டு போங்க. அது வந்த பொறவு அப்பாருக்கு ஒரு வாரிசுச் சான்று, அதுல உங்கப்பாவோட கூடப்பொறந்த அத்தைமாரு, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் வருவாங்க, அதுல யாரு தவறியிருந்தாலும் அவங்களுக்குத் தனி வாரிசுச் சான்று. அப்புறந்தான் உங்கப்பாவுக்கு. நடுவுல ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிச்சா பட்டா மனு திரும்பி வந்துரும்.

பேரு விஷயம் நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு இருக்குது. ரெண்டு காகிதத்துலயும் இருக்கற பேரு ஒரே ஆளோடதுதான்னு நோட்டரிகிட்ட அபிடவிட் போட்டு, அப்பன் பேரு, ஊரு, கதவு நம்பர் ஒத்துப்போற ரெண்டு பழைய காகிதத்தையும் கூட வெச்சுக் குடுங்க. அத்தைமாருங்க வெளிநாட்டுல இருந்தா அங்க இந்திய தூதரகத்துல பவர் எழுதி அனுப்பச் சொல்லலாம், அது இங்க வந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டிடோணும்.

கேள்வி: அப்பா போயி ஒரு வருஷம் ஆச்சுங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒத்துமையாத்தான் இருக்கோம், அம்மா காட்டுக்குள்ள சாளை வீட்டுல இருக்காங்க. அஞ்சு ஏக்கராவை ஆளுக்குப் பாதி பிரிச்சு எழுதிக்கலாம்னு இருக்கோம். பத்திரத்துல என்னென்ன மறக்காம எழுதோணும்? செலவு எவ்வளவு ஆகும்?
வாசகர், அன்னூர்

பதில்: ஒத்துமையா இருக்கறப்பவே எழுதறீங்க, நல்லது. குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000, 2023 ஜூலைல ஏத்துனது இது. எழுதற அன்னைக்கு ஒருக்கா ஆபீஸ்ல கேட்டுக்கங்க.

நான் பாத்த பாகத் தகராறுல நெலத்தோட அளவுக்காக வந்தது கொஞ்சந்தான், கிணத்துக்கும் தடத்துக்கும் வந்ததுதான் எச்சு. கிணறு யாரு பாகத்துல விழுகுதோ அவருக்கு மட்டுமா, ரெண்டு பேருக்கும் பொதுவா, பொதுன்னா தண்ணி முறை எத்தனை நாளைக்கு ஒருக்கா, மோட்டார் ரிப்பேர் ஆனா செலவு யாரு, தூரு வாரறது யாரு, பைப்லைன் அடுத்தவரு காட்டுல பதிச்சுக்கலாமா. போர் இருந்தா அதுக்கும் இதே. இலவசக் கரண்டு சர்வீஸ் நம்பரைப் பத்திரத்துல எழுதுங்க, எத்தனை எச்பின்னும் எழுதுங்க, யாரு பேருக்கு மாத்தோணுங்கறதையும் எழுதுங்க, அது இல்லாமப் போய்ட்டு மின்வாரியத்துல நிக்கறவங்க அவ்வளவு பேரு. தடத்துக்கு நம்ம பழைய பத்திரத்துலயெல்லாம் மாமூல் வண்டித்தடம்னு ஒரே வரியில எழுதியிருப்பாங்க, கட்டைவண்டி போன காலத்துல அது போதும், இன்னைக்கு டிராக்டரும் தேங்காய் லாரியும் போகோணும், அதனால எந்த வேலியில இருந்து எந்த வேலி வரைக்கும் எத்தனை அடி அகலம், இட்டேரியில (ரெண்டு வேலிக்கு நடுவுல போற ஊர்த் தடம்) இருந்து எங்க திரும்புதுன்னு அடிக்கணக்கோட எழுதி வரைபடமும் சேருங்க. டிராஃப்ட் கைக்கு வந்ததும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கிணத்து மேட்டுல நின்னு ஒவ்வொரு வரியா படிச்சுக்கிட்டே கையை நீட்டிப் பாருங்க, எழுதுனதும் நெலமும் ஒத்து வருதான்னு.

கடைசியா ஒண்ணு. ஆளுக்குப் பாதின்னு எழுதியிருக்கீங்க, ஆனா உயில் இல்லைன்னா உங்கம்மாவும் ஒரு வாரிசு, அவங்களுக்கும் சமபங்கு உண்டு, அவங்க கையெழுத்து இல்லாம அந்தப் பாகம் நிக்காது. அவங்க பங்கை உங்களுக்கு விட்டுக் குடுக்கறாங்கன்னா அதையும், சாளையும் சாளையைச் சுத்தி இருக்கற எடமும் அவங்க ஆயுசு இருக்கற வரைக்கும் அவங்க அனுபவத்துக்குன்னு, லைட்டு பில்லும் சாப்பாட்டுச் செலவும் இன்னார் பாத்துக்கறதுன்னு பத்திரத்துலயே எழுதுங்க. அம்மாவை உக்கார வெச்சு அந்த வரியைச் சத்தமாப் படிச்சுக் காட்டி, அவங்க சரின்னு சொன்ன பொறவு ரிஜிஸ்டருக்குத் தேதி குறிங்க.